குழந்தைக் காசநோய்த் தடுப்பு வீட்டுப் பெரியவரிடமே தொடங்க வேண்டும்: நிலைப்பாட்டு அறிக்கை

திண்டுக்கல் நகரிலும் அதைச் சூழ்ந்த வேடசந்தூர், நிலக்கோட்டைச் சமவெளிகளிலும் குழந்தை நலப் பணியாற்றும் இவ்வமைப்பு, ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு வரும் காசநோயைத் தடுக்கும் பணி அவர்களுடன் ஒரே வீட்டில் வாழ்ந்து இருமும் பெரியவரிடமிருந்தே தொடங்க வேண்டும் எனக் கருதுகிறது.

சிறு குழந்தைகளிடமிருந்து பிறருக்கு இந்நோய் பரவுவது அரிது. பெரும்பாலும் பெரியவரின் இருமலில் காற்றில் கலக்கும் கிருமியே அவர்களை வந்தடைகிறது. பெற்றோர் நூற்பாலை வேலைக்குச் சென்றபின் பேரக்குழந்தையை மடியில் வைத்திருக்கும் முதியவரின் நாட்பட்ட இருமல், வயோதிகத்தின் இயல்பு என்றோ பீடிப் பழக்கத்தின் விளைவு என்றோ ஒதுக்கப்படுவதே தவிர்க்கத்தக்க காரணங்களுள் முதன்மையானது. கைக்குழந்தைக்குத் தொற்று ஏற்பட்டால் அது நோயாக முற்றும் வாய்ப்பு பெரியவர்களைவிடப் பன்மடங்கு அதிகம்.

பிறந்தவுடன் போடப்படும் பி.சி.ஜி. தடுப்பூசி, மூளையுறையைத் தாக்குவதும் உடலெங்கும் பரவுவதுமான கொடிய காசநோய்களிலிருந்து குழந்தைகளைக் காப்பதால் அது தவறாது போடப்பட வேண்டும். ஆயினும் செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பெரும் ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை எனக் காட்டியமையால், தோளில் உள்ள தழும்பை நம்பி இருந்துவிட இயலாது. எனவே, பெரியவருக்கு நோய் உறுதியானதும் அவ்வீட்டுக் குழந்தைகளைப் பரிசோதித்து, நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு சிகிச்சையை, அதாவது ஐசோனியசிட் மருந்தை நாள்தோறும் ஆறு மாதம் கொடுப்பதை, உடனே தொடங்க வேண்டும். நலமாக விளையாடும் குழந்தைக்கு மருந்து எதற்கு என்னும் குடும்பத்தாரின் தயக்கம் இயல்பானதே. அதைப் பொறுமையுடன் போக்குவது சுகாதாரப் பணியாளரின் கடமை.

விறகடுப்புப் புகையும் பீடிப் புகையும் நுரையீரலின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கின்றன. நோய் தோன்ற ஊட்டக்குறைவு இன்னும் பெரிய காரணம்: ஜார்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தாருக்கு அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் வழங்கிய ஆய்வு, அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்ததை 2023இல் வெளியிட்டது. நோயாளிக்கு மாதந்தோறும் வழங்கப்படும் ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்ந்தது வரவேற்கத்தக்கது. ஆனால் அதே உலைச்சோற்றை உண்ணும் குழந்தைக்கும் தனி உணவுப்பங்கு வேண்டும்.

நோயாளியை வீட்டைவிட்டு விலக்குமாறு இவ்வறிக்கை கோரவில்லை. வீட்டிலிருந்தே மருந்து உட்கொண்டவர்களின் குடும்பத்தாருக்கு, மருத்துவ விடுதியில் தங்கியவர்களின் குடும்பத்தாரைவிட நோய் மிகுதியாக வரவில்லை என்பதைச் சென்னையில் நடந்த ஆய்வு 1950களின் இறுதியிலேயே நிறுவியது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமுவோர் அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுமாறும், நோய் உறுதியானால் வீட்டிலுள்ள குழந்தைகளின் வயதை மருத்துவரிடம் தாமே எடுத்துரைக்குமாறும் இவ்வமைப்பு கேட்டுக்கொள்கிறது.