அன்னதான மிச்சமும் கறுப்புச் சிப்பாய் ஈயும்

திருவிழா நாள்களில் நம் ஆலயங்களில் நடைபெறும் அன்னதானம் பசிப்பிணி தீர்க்கும் அறப்பணியாகும். அப்பணி நிறைவுற்ற பின்னர் எஞ்சுவது யாது என்பதைப் பக்தர்கள் பலர் காண்பதில்லை. சென்ற ஆண்டுத் திருவிழாவின் நிறைவு நாளிரவு, எங்கள் ஆலயச் சமையற்கூடத்தின் பின்புறம் 14 பெரிய குப்பைப் பைகள் நிரம்பி நின்றன. சோறு, சாம்பார், வாழையிலை, பிளாஸ்டிக் குவளை யாவும் அவற்றில் ஒன்றாய்க் கலந்து கிடந்தன. ஆலயச் செயலாளர் என்ற முறையில் அக்காட்சி என் மனத்தை வருத்தியது.

இது நம் ஆலயங்களுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 755,000 டன் உணவுக் கழிவு சேர்ந்தது. அதில் மறுபயனீடு செய்யப்பட்டது 18 விழுக்காடே. எஞ்சியது எரியாலைக்குச் சென்றது. எரித்த சாம்பல் செமக்காவ் தீவில் கொட்டப்படுகிறது. 1999இல் திறக்கப்பட்ட அவ்விடமே நாட்டில் எஞ்சியுள்ள ஒரே குப்பை நிரப்பு நிலம். அது 2035ஆம் ஆண்டுவாக்கில் நிறைந்துவிடும் எனக் கணிக்கப்பட்டுள்ளது.

இந்நிலையில் அறிஞர்களின் கவனம் ஒரு சிற்றுயிரின்பால் திரும்பியுள்ளது. அதுவே கறுப்புச் சிப்பாய் ஈ. பார்வைக்குக் குளவி போன்றது. ஆயினும் கொட்டாது, கடிக்காது. வீட்டு ஈயைப் போல நம் உணவின்மீது மொய்ப்பதுமில்லை. பெண் ஈ ஏறத்தாழ 500 முட்டைகள் இடும். அவற்றிலிருந்து வெளிவரும் புழுக்களே அழுகும் உணவை உண்டு தீர்க்கின்றன. 10,000 இளம் புழுக்கள் 15 கிலோ ஈரக் கழிவை 12 நாள்களில் உண்ணும் என்பது சுவிட்சர்லாந்தின் நீரியல் ஆய்வு நிறுவனமான இயாவாக், இந்தோனேசியாவில் மேற்கொண்ட பணிகளின் அடிப்படையில் 2017இல் வெளியிட்ட வழிகாட்டி நூலின் கணக்கு.

கொழுத்த புழுக்களை உலர்த்தினால் மீனுக்கும் கோழிக்கும் புரதம் மிகுந்த தீவனமாகும். அவை விட்டுச் செல்லும் எச்சம் செடிகளுக்கு உரமாகும். ஐரோப்பிய ஒன்றியம் பூச்சிப் புரதத்தை மீன் தீவனத்தில் சேர்க்க 2017இலும், கோழி, பன்றித் தீவனத்தில் சேர்க்க 2021இலும் இசைவளித்தது. குளிர் நாடுகளில் இவற்றை வளர்க்கக் கூடத்தைச் சூடேற்ற வேண்டும். நம் நாட்டின் வெப்பமோ இவற்றுக்கு இயல்பாகவே ஏற்றது.

எனினும் இதனைச் சர்வரோக நிவாரணியாகக் கருதலாகாது. வாழையிலை, தேங்காய் மட்டை போன்ற நார்ப்பொருள்களை இப்புழுக்கள் எளிதில் செரிப்பதில்லை. ரசம்போல் நீர்த்த கழிவையும் வடித்தே இட வேண்டும். காட்மியம் போன்ற நச்சு உலோகம் கழிவில் இருப்பின் அது புழுவின் உடலில் தங்கிவிடும். ஆகவே சாயப் பொருள்கள் கலக்கலாகாது. மேலும், புழுக்களுக்கு நாள்தோறும் ஒரே சீராக இரை வேண்டும். திருவிழாவன்று மலைபோல் குவிந்து மறுவாரம் ஒன்றுமில்லாமற்போகும் ஆலயத்தில் பண்ணை நடத்துவது இயலாது. கழிவைப் பிரித்துப் பண்ணைக்கு அனுப்புவதே நமக்குப் பொருந்தும் வழி.

எங்கள் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதுபற்றிப் பேசியபோது இரு வினாக்கள் எழுந்தன. “சாமிக்குப் படைத்ததைப் புழுவுக்கு இடுவதா?” என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். பிளாஸ்டிக்கோடு சேர்த்து எரிப்பதைவிட ஓர் உயிருக்கு உணவாக்குவது எவ்வகையிலும் குறைவன்று என்பதே என் மறுமொழி. “அப்புழுவையும் பிறகு கொன்றுதானே தீவனமாக்குகிறார்கள் ஐயா?” என வினவினார் மகளிர் பிரிவைச் சேர்ந்த அம்மையார். இவ்வினாவைத் தட்டிக் கழிக்க என்னால் இயலவில்லை. கொல்லாமையைப் போற்றும் நாம் இதனை மனச்சாட்சியோடு எண்ணிப் பார்க்கவேண்டும். மிச்சம் குறையுமளவுக்கு இவ்வினாவின் கூர்மையும் குறையும் என்பது மட்டும் எனக்குத் தெளிவாயிற்று.

ஆதலால் குழு, பண்ணைக்கு அனுப்புவது குறித்த முடிவை ஒத்திவைத்து, எவரும் மறுக்கவியலாத இரண்டை முதலில் ஏற்றது. ஒன்று, வருகையாளரைக் கணக்கிட்டு அளவாகச் சமைத்தல். மற்றொன்று, மிச்ச உணவுக்கும் இலைக்கும் பிளாஸ்டிக்கிற்கும் தனித்தனித் தொட்டி வைத்தல். பிரிக்காத கழிவு ஈக்கும் உதவாது, உரத்துக்கும் உதவாது.

இவ்வாண்டு பந்தியில் அமரும் பக்தப் பெருமக்கள் வேண்டுமளவே கேட்டு வாங்கி உண்ணவும், எழுந்து செல்கையில் தொண்டூழியர் காட்டும் தொட்டியில் மிச்சத்தைப் பிரித்துப் போடவும் பணிவோடு வேண்டுகிறேன். உபயதாரர்களும் அண்டாக்களின் எண்ணிக்கையைக் கொண்டு தம் புண்ணியத்தை அளவிடாதிருக்கக் கேட்டுக்கொள்கிறேன். இலையில் வீணாகாத சோறே அன்னதானத்தின் நிறைவாகும்.