எலியை ஆக்கியவர் யார்?

புற்றுநோய் தோன்றும்படி மரபணு புகுத்தப்பட்ட எலிக்கு 1988-இல் அமெரிக்கா காப்புரிமை வழங்கியது. பெற்றது ஹார்வர்டு பல்கலைக்கழகம். மருந்து தேடி எலியைப் பயன்படுத்துவதை நாம் பழிக்கவில்லை. நோயாளியின் படுக்கையருகே அமர்ந்த எவரும் பழிக்கத் துணியார். ஓர் உயிரையே மனிதனின் ஆக்கமெனப் பதிவு செய்வது வேறு. சேர்த்தது ஒரு மரபணு. உரிமை கோரியதோ முழு எலிக்கும், ஏன், அவ்வாறு மாற்றப்படும் பாலூட்டிகள் அனைத்துக்கும், மனிதன் மட்டும் நீங்கலாக! சன்னல் பொருத்திய தச்சன் வீட்டையே தனதென்பதா?

2002-இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் இவ்வுரிமையை மறுத்தது. ஐவர் மறுக்க, நால்வர் ஏற்றனர். மரபணு மாற்றிய கருமுட்டைக்கு உரிமை உண்டெனில், அதிலிருந்து பிறக்கும் எலிக்கு ஏன் இல்லை என்று நால்வரும் வினவினர். நியாயமான வினாவே. நாம் அதைத் திருப்பிக் கேட்கிறோம்: எலிக்கு இல்லாத உரிமை கருமுட்டைக்கு மட்டும் எங்ஙனம் வந்தது?