பாட்டு இருக்கு, பக்கம் தெரியாது!

சேத்தியாத்தோப்பில் பஸ் ஏறினால் சிதம்பரம் கிட்டத்தான். தமிழில் பாட்டே போதாது என்றவர்களுக்குப் பதில் சொன்ன ஊர் அது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1941-ல் தமிழிசை மாநாடு கூடியது. பிறகு தமிழ்ப் பாடல்கள் சுரக்குறிப்போடு தொகுதி தொகுதியாக அச்சேறின.

அச்சடித்தால் மட்டும் போதுமா? முத்துத்தாண்டவர் கீர்த்தனை ஒன்றின் சுரக்குறிப்பைத் தேடும் மாணவியை எடுத்துக்கொள்வோம். நம் நூலக அட்டவணைகளில் பெரும்பாலும் நூல் பெயரும் ஆசிரியர் பெயரும்தான். நூறு பாட்டு கொண்ட தொகுதிக்கும் ஒரே பதிவு. முதலடி, ராகம், தாளம்... ம்ஹூம்! மளிகைக் கடை டப்பா அத்தனையிலும் 'சாமான்' என்று ஒட்டி வைத்த கதை.

யூடியூபில் இல்லாததா என்பார்கள். அங்கே பாட்டைக் கேட்கலாம். எந்தப் பதிப்பில் என்ன சுரம் என்று ஒப்பிட முடியுமா?

ஆளில்லை, பணமில்லை என்பதும் சாக்குதான். கணினி இல்லாத 1926-லேயே அமெரிக்க நூலகர் மின்னி சியர்ஸ் 177 பாட்டுத் தொகுதிகளைப் பிரித்து, 12,000-க்கும் மேற்பட்ட பாட்டுகளுக்கு அகராதி போட்டுவிட்டார்.

ஒலிப்பதிவு என்றால் உடனே காப்புரிமை பூச்சாண்டி. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமை 60 ஆண்டுதான். 1964 வரை வெளியான தட்டுகளுக்கு அது முடிந்தாயிற்று. முத்துத்தாண்டவரோ பல நூற்றாண்டு முந்தியவர். அவர் பாட்டுள்ள பழைய தட்டைப் பூட்டி வைப்பது யாருக்காக?

இசை படிக்கும் ஒவ்வொருவரும் பருவத்துக்குப் பத்துப் பாட்டு. முதலடி, ராகம், தாளம், இயற்றியவர், பக்க எண். இதை மதிப்பெண்ணுள்ள பாடவேலையாக வைக்க எந்த நிதி ஒதுக்கீடும் வேண்டாம்.