தான் என்ற ஓரசை

மூளையின் எந்தப் பகுதி எந்த வேலையைச் செய்கிறது என்பதை இன்று பள்ளிப் பாடநூலே சொல்லிவிடுகிறது. அந்த வரைபடம் எங்கிருந்து வந்தது என்று நாம் அதிகம் யோசிப்பதில்லை. அதன் முதல் கோடுகள் பலவும் யாரோ சிலருடைய இழப்பிலிருந்து வரையப்பட்டவை.

பாரிஸை ஒட்டிய பிசெத்ர் மருத்துவமனையில் 21 ஆண்டுகள் கிடந்த ஒருவர், 1861 ஏப்ரலில், தம் 51ஆம் வயதில் இறந்தார். எதைக் கேட்டாலும் 'தான், தான்' என்பதே அவருடைய பதில். பிறர் பேச்சு அவருக்குப் பெரும்பாலும் புரிந்தது; சைகையால் மறுமொழி சொன்னார். சினம் எல்லை மீறினால் மட்டும் ஒரு வசைச்சொல் வெளிவரும். மருத்துவர் பால் புரோக்கா அவரது மூளையை ஆராய்ந்து, இடது முன்மடலில் சிதைவைக் கண்டார். பேச்சாற்றலின் இடம் அதுவே என்றார். அப்பகுதி இன்றும் புரோக்காவின் பெயரால் வழங்குகிறது. நோயாளியோ மருத்துவ நூல்களில் 'தான்' என்றே நின்றுவிட்டார். லூயி விக்டர் லெபோர்ன் என்ற அவரது முழுப்பெயர் பரவலாகத் தெரியவந்தது 2013இல்தான்.

புரோக்கா வெட்டாமல் பாதுகாத்து வைத்த அந்த மூளையைப் பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ. கருவியால் பார்த்தார்கள். சிதைவு மேற்பரப்போடு நில்லாமல், உள்ளே பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகள் வரை சென்றிருந்ததை 2007இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. பாலம் இடிந்தால் ஊருக்கு அரிசி வராது. அதனால் அரிசி பாலத்தில் விளைகிறது என்று சொல்ல முடியுமா? எது இன்றி எது நடவாது என்பதையே காயம் சொல்கிறது. அது எங்கே குடியிருக்கிறது என்பதை அவ்வளவு எளிதாகச் சொல்வதில்லை.

அமெரிக்கரான ஹென்றி மொலேசனுக்கு நேர்ந்தது விபத்தன்று. 1953இல், 27ஆம் வயதில், கடும் வலிப்பு நோயைத் தணிக்க அவரது மூளையின் இருபுறமும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை அறுவை மருத்துவர் அகற்றினார். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பின் நிகழ்ந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தை வரையச் சொன்னார். நாளுக்கு நாள் அவர் கை தேறியது. முந்தைய நாள் வரைந்ததோ அவருக்கு நினைவில்லை. நினைவு என்பது ஒன்றன்று, பல என்று அறிவியல் தெளிந்தது இப்படித்தான். 2008இல் இறக்கும்வரை உலகம் அவரை அறிந்தது 'எச்.எம்.' என்ற இரண்டெழுத்தால். வாழும் நோயாளியின் அடையாளத்தை மறைப்பது கடமை. அதில் நமக்குப் பிணக்கில்லை. நம் பிணக்கு, ஒரு முழு மனிதரை அவரது குறையின் பெயராக்கிவிடும் பழக்கத்தோடுதான்.

குறுக்கெழுத்துப் புதிர்களில் ஆழ்ந்திருந்த மொலேசனும், ஓரசைக்குள் தம் சினத்தையும் விருப்பத்தையும் சொல்ல முயன்ற லெபோர்னும் வெறும் சான்றுகள் அல்லர். பிரெஞ்சுக்காரருக்குப் பொருளற்ற அந்த அசை, தமிழ்க் காதில் தன்னையே சுட்டும் சொல்லாக விழுகிறது. தற்செயல்தான், ஆயினும் நாம் அதை அப்படியே கேட்க விரும்புகிறோம். மொழி குன்றிய பின்னும் அங்கே ஒரு 'தான்' இருந்தது. மூளையைப் பற்றி எழுதுவோர் பகுதிகளின் பெயர்களோடு இவர்களுடைய பெயர்களையும் சேர்த்தே எழுத வேண்டும். பட்ட கடனுக்கு அதுவே குறைந்தபட்ச வட்டி.