பூட்டு ஆலையில், திறப்பு விற்றவனிடம்!

பணங் கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவனுக்கே சொந்தம் என்பது உலக வழக்கு. இன்றைய தொழிற்சாலைகளிலோ அவ்வழக்குத் தலைகீழாகக் கிடக்கின்றது. கொதிகலனும் குழாயும் ஆலைக்காரனுடையவை. அவற்றை ஆட்டிவைக்கும் மின்மூளையின் மொழி மட்டும் விற்ற கம்பெனியின் இரகசியம்! அம்மின்மூளை பழுதுபட்டால் அக்கம்பெனியின் வாசலிலேதான் நிற்கவேண்டும். அது சொன்னதே விலை. நீர் இறைக்கும் இயந்திரத்துக்கு எந்தக் கடையிலும் ஆணி வாங்கிப் பூட்டும் நம் கமக்காரருக்கு இந்த அடிமைத்தனம் விளங்கவே சற்று நேரஞ் செல்லும்.

வேறு வழியில்லை என்பார் சிலர். அது பொய். 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மொடிக்கன் கம்பெனி, தன் கருவிகள் பேசும் மொட்பஸ் என்னும் முறையைப் பகிரங்கமாக வெளியிட்டது. இன்றும் அம்முறை உலகெங்கும் வழங்குகின்றது. அதிலே காவல் இல்லாதிருந்தது மெய்யே. மறைவில்லாத முறையாதலால் அக்குறையை எல்லோருங் கண்டனர்; 2018இல் காவலுடன் கூடிய வடிவமும் வந்தது.

களக்கருவிகள் அனைத்துக்கும் ஒரே மொழி வகுக்கவெனச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழு எண்பதுகளிலே முயற்சி தொடங்கியது. ஜேர்மனி தன் முறையைப் பிடித்துக்கொண்டது. பிரான்சு தன்னதை விடவில்லை. அமெரிக்கக் கம்பெனிகளும் இளைத்தவையல்ல. வழக்கு இழுபட்டு 2000ஆம் ஆண்டில் நியமம் வெளிவந்தபோது அதிலிருந்தவை, ஒன்றோடொன்று ஒவ்வாத எட்டு முறைகள்! ஊருக்கு ஒரு மரைக்கால் வேண்டுமெனக் கூடியவர்கள் எட்டு மரைக்காலுக்கும் முத்திரை குத்திவிட்டுக் கலைந்த கதைதான்.

விற்போர் செய்யாததை இப்போது வாங்குவோர் செய்யத் துணிந்துள்ளனர். எக்சன்மொபில் எளியோரின் தோழனன்று. ஆயினும் பூட்டின் கனத்தை அதுவும் உணர்ந்தது. அதன் முன்முயற்சியால் 2016இல் ஆலைக்காரரும் விற்போரும் ஓர் அரங்கிற் கூடினர். 2019இல் முதல் நியமம் பிறந்தது. 2024இல் லூசியானாவின் பட்டன் றூஜ் நகரிலே ஓர் ஆலை அம்முறைப்படி இயங்கத் தொடங்கியது.

ஒருவனிடமே எல்லாம் வாங்கினால் பழுதுக்குப் பொறுப்பாளியும் ஒருவனே என்பது விற்போர் வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் அந்த ஒருவன் விலையை உயர்த்தும் நாளிலே முறையிட வேறொருவன் இருப்பதில்லையே!

ஆகவே, பொதுப்பணத்தில் நீர்நிலையமோ ஆலையோ அமைக்கும் பொறியியலாளர் கேள்விப்பத்திரத்திலேயே இரண்டு வினாக்களை எழுதட்டும்: கருவி பேசும் மொழி பகிரங்கமானதா? அதை இயக்கும் நிரலின் மூலப்பிரதி எவர் கையில் இருக்கும்? இவற்றுக்கு எழுத்தில் விடை தராத கம்பெனிக்கு ஒப்பந்தம் கொடுக்கலாகாது.