கவிழவும் கற்க வேண்டும்

படகு ஓட்டுபவர் கவிழ்வதற்கும் பயிற்சி எடுப்பார்களா என்று எங்கள் வகுப்பில் சிலர் நகைத்தனர். கிரீன்லாந்து மக்கள் எடுத்தார்கள். சீல் வேட்டைக்குச் செல்லும் அவர்களது கயாக் மிக ஒடுங்கியது. சீல் தோல் சட்டையைப் படகின் வாய் விளிம்போடு இறுகக் கட்டிக்கொள்வர். பனிக்கடலில் கவிழ்ந்தால், உள்ளிருந்தபடியே துடுப்பை வீசி நிமிர்வதே உயிருக்கு அரண்.

மூச்சுக்குத் தவிக்கும் தலை முதலில் எழப் பார்க்கும். எழுந்தால் படகு மறுபடி கவிழும். இடுப்பால் படகை நிமிர்த்தி, தலையைக் கடைசியில்தான் தூக்க வேண்டும். தலைகீழாக இருப்பவருக்குத் தம் பிழை எப்படித் தெரியும்? அருகிலுள்ள தோழர்தான் சொல்ல வேண்டும். (எங்கள் கணக்கிலுள்ள பிழையை அடுத்த பெஞ்சுக்காரிதானே முதலில் காண்கிறாள்!) எழ முடியாதபோது அவர் தம் படகின் முனையைக் கைக்கு எட்டும்படி கொண்டுவருவார், அதைப் பற்றி எழலாம்.

துணை இருந்தால் துணிவு வளராது என்பாரும் உண்டு. நாங்கள் அதை ஏற்கவில்லை. ஆங்கிலேயரான ஜினோ வாட்கின்ஸ் 1930-31 பயணத்தின்போது கிரீன்லாந்தியரிடமே இக்கலையைக் கற்றுத் தேர்ந்தவர். 1932 ஆகஸ்டில் தனியே வேட்டைக்குச் சென்றார். ஆளற்ற கயாக் மட்டும் மிதந்தது, உடல் கிடைக்கவில்லை. வயது 25. துணை இருந்தால் பிழைத்திருப்பாரா, யாரும் அறியார். ஆனால் படகைவிட்டு வெளியே விழுந்தவருக்குக் கற்ற வித்தை உதவாது. மற்றொரு படகுதான் உதவும்.

இன்றும் கிரீன்லாந்தில் இதற்கென்றே போட்டி நடக்கிறது. நகைத்த தோழியரிடம் இவ்வளவும் சொன்னோம். நீச்சலே தெரியாத நாங்கள் சொன்னதுதான் வேடிக்கை என்றார்கள்.