நாற்பது கிலோமீற்றருக்கு அரை நாள்

மாகாண சபைத் தேர்தல் எப்போது, பழைய முறையிலா புதிய முறையிலா என்ற கச்சேரி மறுபடியும் களைகட்டியிருக்கிறது. சப்ரகமுவக்காரர்கள் கடைசியாக மாகாண சபைக்கு வாக்களித்தது 2012 செப்டெம்பர் 8ஆம் திகதி. அந்தச் சபையின் ஆயுள் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பிறகு ஆளுநர் ஆட்சிதான். ஆகவே தேர்தல் வேண்டும் என்பவர்களோடு யாருக்கும் பிணக்கில்லை. ஆனால் முறையைப் பற்றி மேசையைத் தட்டும் கனவான்களில் ஒருவராவது, இறக்குவானையிலும் தெரணியகலையிலும் பெயர் பதிந்திருக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் தேர்தலன்று எங்கே நிற்பார்கள் என்று கேட்டதுண்டா?

புறக்கோட்டைப் புடைவைக் கடையில் நிற்பார்கள். வெள்ளவத்தையில் கொத்து ரொட்டி போட்டுக்கொண்டிருப்பார்கள். பியகமவில் தையல் இயந்திரத்தின் முன்னால், கொள்ளுப்பிட்டியில் யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையில் இருப்பார்கள். வாக்காளர் இடாப்பில் மட்டும் லயத்துக் காம்பராவில் குடியிருப்பார்கள்.

இவர்களுக்காக எதுவுமே செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. லீவு உண்டு. எழுத்தில் விண்ணப்பித்தால், சம்பளத்தை வெட்டாமல் குறைந்தது 4 மணித்தியாலம் விட வேண்டும் என்பது சட்டம். அது போதாதென்று மனித உரிமைகள் ஆணைக்குழு ஒரு தூரக் கணக்கைப் பரிந்துரைத்தது. தேர்தல் ஆணைக்குழுவும் அதையே நினைவூட்டுகிறது. 40 கிலோமீற்றர் வரை அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் 2 நாள்.

வாசிக்க எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! கொழும்பிலிருந்து இரத்தினபுரி சுமார் 100 கிலோமீற்றர். ஒரு கிலோமீற்றர் குறைந்தால் ஒரு நாள், கூடினால் ஒன்றரை. கோட்டையிலிருந்து அளப்பதா, வேலை செய்யும் கடை வாசலிலிருந்து அளப்பதா? இரத்தினபுரி பஸ் நிலையம் வரையிலா, வாக்குச்சாவடியான தோட்டப் பாடசாலை வரையிலா? பஸ் நிலையம் வரை காப்பெட் வீதி. அதற்கப்பால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை வந்துபோகும் பஸ், அதையும் தவறவிட்டால் ஆட்டோ, மழை பெய்தால் நடை. சப்ரகமுவ மலையில் கடைசிப் பத்து கிலோமீற்றர், அவிசாவளை வரையான முழுத் தூரத்தையும் விட அதிக நேரத்தைத் தின்னும். கிலோமீற்றரில் லீவு அளந்தவர்கள் இந்தப் பத்தை எந்தப் பெட்டியில் போட்டார்களோ!

அந்த அரை நாளும் எந்த அரை நாள்? காலையா மாலையா? இரவு பத்து மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு ஏறும் பயணத்துக்குக் கணக்கு உண்டா? நியமனக் கடிதமும் இல்லாமல், சேமலாப நிதியும் இல்லாமல் நாட்கூலிக்கு நிற்கும் பையன் எழுத்தில் யாரிடம் விண்ணப்பிப்பது? முதலாளி “போயிட்டு வா” என்பார். வேறு ஆள் வந்துவிட்டான் என்பது திரும்பி வந்த பிறகுதான் தெரியும்.

நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். 2024இல் தீபாவளி ஒக்டோபர் 31. நாடாளுமன்றத் தேர்தல் நவம்பர் 14, சரியாக இரண்டு வாரம் கழித்து. அதற்கு முன்னால் செப்டெம்பர் 21இல் ஜனாதிபதித் தேர்தல். இரண்டு மாதத்துக்குள் மூன்று முறை ஊருக்குப் போகும் வசதி எந்தக் கடைப் பையனுக்கு இருக்கிறது? தீபாவளியை விட்டுவிட்டு வாக்களிக்கப் போ என்று அவனிடம் சொல்லும் துணிச்சல் எந்தத் தலைவருக்கு உண்டு? செப்டெம்பரில் நாடு முழுவதும் 79 சதவீதமாக இருந்த வாக்களிப்பு நவம்பரில் 69ஆக இறங்கியது. அது அத்தனையும் பஸ் பயணத்தால் வந்ததல்ல. ஆனால் வாக்காளர்களுக்கு ஆர்வமில்லை, சோம்பல் என்று தொலைக்காட்சியில் உபதேசம் செய்தவர்கள் ஒருமுறை பலாங்கொடை பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்திருக்கலாம்.

சரி, வேறு இடத்திலிருந்து வாக்களிக்கவே முடியாதா என்றால், தாராளமாக முடியும். அரசாங்க உத்தியோகத்தருக்கும், பொலிசாருக்கும், படையினருக்கும், ரயில்வே, தபால், இ.போ.ச. ஊழியருக்கும் தபால்மூல வாக்கு உண்டு. 2024 ஜனாதிபதித் தேர்தலில் 7 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதற்குத் தகுதி பெற்றார்கள். இரத்தினபுரியில் பதிந்த லிகிதர் யாழ்ப்பாணத்துக் கந்தோரில் அமர்ந்து புள்ளடி போடுகிறார். முத்திரையிட்ட உறை இரத்தினபுரிக்குப் போய்ச் சேர்ந்து எண்ணப்படுகிறது. ஆக வழி தெரியாமல் இல்லை. தெரிந்த வழியை யாருக்குத் திறப்பது என்பதில்தான் வஞ்சகம். கொழும்பு–இரத்தினபுரி வீதியில் ஓடும் சிவப்பு பஸ்ஸின் சாரதிக்குத் தபால் வாக்கு உண்டு. அதே வீதியில், அதே நாளில், அதே வாக்காளர்களை ஏற்றிக்கொண்டு ஓடும் தனியார் பஸ்ஸின் சாரதிக்கு இல்லை.

இன்னொரு கூத்து. மாலைதீவுக்காரர்கள் தங்கள் நாட்டுத் தேர்தலுக்குக் கொழும்பிலேயே வாக்குப்பெட்டி வைக்கிறார்கள். 2023 ஜனாதிபதித் தேர்தலுக்கும் வைத்தார்கள், 2024 மஜ்லிஸ் (நாடாளுமன்ற) தேர்தலுக்கும் வைத்தார்கள். கடல் கடந்த பவளத்தீவில் பதிந்தவர் கொழும்பில் வாக்களிக்கிறார். காவத்தையில் பதிந்தவர் கொழும்பில் வாக்களிக்க முடியாது. தென்கொரியாவில் தேர்தலுக்கு முன் இரண்டு நாட்கள் நாட்டின் எந்த மூலையிலும் முற்கூட்டியே வாக்களிக்கலாம். இங்கே பெஃப்ரல் போன்ற கண்காணிப்பு அமைப்புகளும் முற்கூட்டிய வாக்களிப்பைக் கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டுவிட்டன.

கொழும்பிலேயே பதிந்துகொள்ளலாமே என்று ஒரு புத்திமதி வரும். போர்டிங் வீட்டுக்காரர் தன் படிவத்தில் வாடகைப் பையனின் பெயரை எழுதிவிடுவாரா? நாளைக்கு வீட்டில் உரிமை கொண்டாடுவானோ என்ற பயம் அவருக்கு. எழுதினாலும் நட்டம் தோட்டத்துக்குத்தான். நுவரெலியாவைப் போல இரத்தினபுரியிலும் கேகாலையிலும் தமிழ் வாக்குகள் குவிந்து கிடக்கவில்லை, ரப்பர் மரங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. 2012இல் 44 பேர் கொண்ட சப்ரகமுவ சபையில் மலையகக் கட்சியின் சேவல் சின்னம் 2 ஆசனங்களை எடுத்தது சும்மா நடக்கவில்லை. ஒவ்வொரு வாக்கையும் பொறுக்கியெடுத்துத்தான். 2018இலிருந்து உள்ளூராட்சியில் வட்டார முறை வேறு. அங்கே ஒரு லயத்துப் பிள்ளைகள் வராவிட்டாலே கதை மாறிவிடும்.

வசிப்பிடம் என்று பேச்சு வந்தபிறகு விலாசத்தைச் சொல்லாமல் விட முடியாது. நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குத் தோட்டத்தின் பெயர்தான் ஒரே விலாசம். கடிதம் தோட்டத்து ஆபிசுக்கு வந்து, அங்கிருந்து யாராவது மனது வைத்தால் மேல்கணக்குக்கோ கீழ்கணக்குக்கோ போகும். வங்கிக் கடிதமும் நேர்முகப் பரீட்சைக் கடிதமும் திகதி கடந்து வந்து சேர்ந்த கதைகள் எல்லாத் தோட்டங்களிலும் உண்டு. 1948இல் குடியுரிமையையும் 1949இல் வாக்கையும் பறித்த நாடு, 1988லும் 2003லும் சட்டம் போட்டு மிச்சமிருந்தவர்களையும் குடிமக்களாக்கியது. குடிமகனுக்குக் கதவிலக்கம் கொடுக்க இன்னும் எத்தனை சட்டம் வேண்டும்? 7 பேர்ச் காணிக்கும் உறுதிக்கும் காத்திருப்பவர்களுக்கு, அதுவரை ஓர் இலக்கத்தகட்டையாவது அடித்துக் கொடுக்கலாம். அதற்குக் கம்பனியின் அனுமதியும் அமைச்சரவைப் பத்திரமும் எதற்கு?

மாகாண சபைத் தேர்தலுக்கு முன்னால் சட்டத்தைத் திறந்தே ஆக வேண்டும். 2017 திருத்தத்தோடு பழைய முறை போய்விட்டது. புதிய முறைக்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஆகஸ்ட் 24இல் நாடாளுமன்றம் 139க்கு பூச்சியம் என்று தோற்கடித்தது. சமர்ப்பித்த அமைச்சர் பைசர் முஸ்தபாவே எதிர்த்து வாக்களித்த அதிசயம் அன்று நடந்தது. எப்படியும் வரப்போகும் அந்தத் திருத்தத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தால் போதும். கொழும்பு, கம்பஹா மாவட்டச் செயலகங்களில் வெளிமாவட்டத்தாருக்கு ஒருநாள் முற்கூட்டிய வாக்களிப்பு. முதலாளியின் கண் முன்னால் அல்ல, அரச அதிகாரிகள் முன்னால், அடையாள அட்டையுடன்.

2024இல் இரத்தினபுரி தேசிய மக்கள் சக்திப் பட்டியலில் சுந்தரலிங்கம் பிரதீப்பை நாடாளுமன்றம் அனுப்பியது. பெருந்தோட்ட, சமூக உட்கட்டமைப்புப் பிரதி அமைச்சராகவும் நியமிக்கப்பட்டார். அவருக்கு இந்த வீதி தெரியும். முதலில் கேட்க வேண்டியவர் அவர். தொழிற்சங்கங்களும் கேட்கலாம். புறக்கோட்டைக் கடையில் நிற்பவனிடம் மாதச் சந்தா வெட்ட முடியாதுதான். ஆனால் தோட்டத்தில் சந்தா கட்டுவது அவனுடைய அம்மா.